பிள்ளைக்காப்பு நுழைந்த கம்பம்

என் தங்கச்சியின் மண்டபத்தில் நிற்கும் கம்பத்தின் விட்டம் எவ்வளவு என்று கேட்பவர்களிடம், புரட்டாதிக் கம்பமா ஐப்பசிக் கம்பமா என்று நான் திருப்பிக் கேட்பேன். எதையும் மாதத்தோடு சேர்த்துத்தான் எனக்கு நினைவு வைக்கத் தெரியும். மாரிமழை எப்போது தொடங்கியது, பக்கத்து வீட்டு மாடு எந்தத் திருவிழாவன்று கன்று போட்டது என்ற வழக்குகளை என்னிடம் வந்து தீர்த்துக்கொள்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

மண்டபம் உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட, ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கிறது. பெண்களுக்கான உடற்பயிற்சி. மாலையில் கீழே போறணையில் பாண் வேகும் வாசனை படியேறி மேலே வரும். உடம்பு இளைக்க வந்தவர்கள் அந்த வாசனையை இழுத்து இழுத்து மூச்சுப் பயிற்சி செய்வார்கள். முடிந்ததும் கீழே இறங்கி ஆளுக்கொரு பணிஸ் வாங்கிக்கொண்டு போவார்கள்.

தங்கச்சி ஆனி மாதத்தில் கொழும்புக்குப் போய்க் கம்ப நடனம் பழகிக்கொண்டு வந்தாள். கால் முழுவதும் நீலம் பாரித்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

"உது வெளிநாட்டிலை கிளப்புகளிலை ஆடுறதெல்லோ?" என்று கேட்டேன்.

"அங்கை ஆடுறவையும் இருக்கினம். நான் கதைக்கிறது உடற்பயிற்சி, அக்கா. சேர்க்கஸ் மாதிரி. ஒரு கம்பத்திலை ஏறி, இருந்து, கையை விட்டிட்டுச் சிரிக்கோணும். உதைவிடக் கஷ்டமான பயிற்சி இல்லை."

"சிரிக்கிறதோ?"

"கையை விடுறது."

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாலை வகுப்புக்கு ஆள் குறைந்துகொண்டே போனது. பாட்டுப் போட்டு ஆடும் பயிற்சியெல்லாம் இப்போது எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. அதற்கு ஏன் படியேற வேண்டும்? கட்டிடத்தின் சொந்தக்காரர் கரவெட்டிக்காரர், மென்மையாகக் கதைப்பவர். அவர் ஆடிப்பிறப்புக்கு மறுநாள் வந்து, வீட்டில் அவித்த கொழுக்கட்டையைத் தந்துவிட்டு விஷயத்தையும் சொன்னார். கணித ஆசிரியர் ஒருவர் தை மாதத்தில் இருந்து அந்த மாடியை ரியூசனுக்குக் கேட்கிறாராம்.

"மார்கழியிலை ஒருநாள் பின்னேரம் வந்து பாப்பன், பிள்ளை. ஆக்கள் நிறைஞ்சிருந்தா நான் ஏன் மாத்தப்போறன்? வெறும் மண்டபமாக் கிடந்தா அவருக்குக் குடுக்கத்தானே வேணும்."

தங்கச்சி கம்பம் நட அனுமதி கேட்டாள். கைபேசியில் எல்லாம் வரும், கம்பம் வராது என்பது அவளுடைய கணக்கு. அவர் மேலே கொங்கிறீற் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒருக்காத்தான் துளைக்கலாம். பேந்து பேந்து துளைச்சா மாரியிலை பேக்கரிக்காரன்ரை பாணுக்குள்ளை ஒழுகும்."

ஆகவே ஒரே ஓர் இடம், ஒரே ஒரு கம்பம். அது எல்லோருடைய கைக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வகுப்பு நிறையாது. நிறையாவிட்டால் தையில் மண்டபம் கையை விட்டுப் போய்விடும்.

அளவு பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் விட்டம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். முன்பெல்லாம் ஐம்பது மில்லிமீற்றர்க் கம்பங்கள் பரவலாக இருந்தன. பிறகு நாற்பத்தைந்து பொது அளவாகிவிட்டது. சிறிய கைகளுக்கு நாற்பதும் அதற்குக் கீழேயும் உண்டு. மெல்லிய கம்பத்தைக் கை இலகுவாகப் பிடிக்கும், ஆனால் ஏறி இருக்கும்போது தொடைச் சதையில் கத்திபோல் அழுத்தும். பருத்த கம்பம் காலுக்குச் சுகம், கைக்கு அலுப்பு. பிடித்துப் பார்க்கும்போது பெருவிரலும் நடுவிரலும் தொட்டும் தொடாமலும் வந்தால் அதுவே ஒருவருக்கு ஏற்ற அளவு என்று கொழும்பு ஆசிரியை சொல்லியிருந்தாராம்.

ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தன் கை எத்தனை மில்லிமீற்றர் என்று தெரியாது. காப்பு அளவு கேட்டேன். கேட்ட கணமே வரிசையாகப் பதில் வந்தது. "ரெண்டு நாலு." "ரெண்டு ஆறு." "எனக்கும் ரெண்டு ஆறு, ஆனா கண்ணாடிக் காப்பெண்டா ரெண்டு எட்டு." காப்புக் கடையில் முதல் எண் அங்குலம், இரண்டாவது எண் அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்பது. இரண்டு நாலு என்றால் இரண்டே கால் அங்குலம்.

கட்டிடக்காரரின் மனைவியும் வகுப்புக்கு வருகிறவர். சீனி வருத்தத்துக்கு உடம்பை அசைக்கச் சொல்லி வைத்தியர் அனுப்பியிருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். எல்லோருக்கும் அவர் வீட்டுக்கார அக்கா.

"ரெண்டு பத்து," என்றார் அவர். "அதுவும் சவர்க்காரம் போட்டால்."

கடைசியாகக் குருநகரில் இருந்து ஸ்கூட்டரில் வரும் பெண். மருந்துக் கடையொன்றில் வேலை செய்கிறாள், பாடசாலைக் காலத்தில் பெண்கள் கிறிக்கெற் அணியில் பந்து வீசியவள். "நான் காப்பே போடுறேல்லை, அக்கா. மணிக்கூடு மட்டும்தான். வேணுமெண்டா கையை அளவுங்கோ," என்று நீட்டினாள். அவளுடைய விரல்கள் வீட்டுக்கார அக்காவின் விரல்களைவிட நீளம்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் நடுவில் நின்றது நாற்பத்தைந்துதான். அங்குலத்தில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றே முக்கால்.

உருண்டையான ஒன்றின் விட்டத்தை அடிமட்டத்தால் அளப்பது சரிவராது. இரண்டு முறை அளந்தால் இரண்டு விடை. அலுமாரியில் தேடியபோது தங்கச்சி சிறுபிள்ளையாக இருந்தபோது போட்ட வெள்ளிக் காப்பு ஒன்று அகப்பட்டது. உள்விட்டத்தை அளந்தேன். ஒன்றே முக்கால், ஒரு மயிரளவு கூட. காப்புக் கடைக் கணக்கில் ஒன்று பன்னிரண்டு. அந்தக் காப்பு உரசிக்கொண்டு போகிற குழாய்தான் எங்கள் குழாய் என்று முடிவு செய்து அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நல்லூர்த் திருவிழா முடிந்து கடைகள் ஓய்ந்த வாரத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போனோம். முதலில் போன இரும்புக் கடையில் ஒன்றே முக்கால் இல்லை. ஒன்றரை இருந்தது, இரண்டு இருந்தது. ஒன்றரை கொஞ்சம் மெல்லிசுதான், பரவாயில்லை என்று நினைத்துக் காப்பைப் போட்டேன். நுழையவே இல்லை.

"தம்பி, இது ஒன்றரை இல்லை," என்றேன்.

"ஒன்றரைதான், அக்கா. காப்புத்தான் சின்னன்."

"காப்பு ஒன்றே முக்கால்."

"அப்ப காப்பு பிழை. எங்கடை கடையிலை குழாய் பிழைக்கிறேல்லை."

தங்கச்சி என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். காரணத்தை அன்று மாலையே வாசித்துக் கண்டுபிடித்தேன். தண்ணீர்க் குழாய்க்குச் சொல்லும் அளவு ஏறத்தாழ உள்ளே இருக்கும் துவாரத்தின் அளவு. இரும்பின் கனம் அதற்கு வெளியே. எங்கள் கை பிடிப்பதோ வெளியே. ஒன்றரை அங்குலக் குழாய் வெளியில் நாற்பத்தெட்டுக்கு வந்துவிடுகிறது. கடைக்காரரும் பிழையில்லை, காப்பும் பிழையில்லை.

படிக்கட்டுக் கைபிடிகளுக்குப் போடும் துருப்பிடிக்காத உருக்குக் குழாய்க்கு வெளிவிட்டம்தான் கணக்கு. அதனால் கோப்பாய்ப் பக்கம் கைபிடி ஒட்டுகிற ஒருவரிடம் போனோம். முந்நூறு வீட்டுக்குப் படிக்கட்டு செய்தவர்போல நிதானமாகக் காது குடைந்துகொண்டே கேட்டார்.

"பல்கனிக்கோ, அக்கா?"

"இல்லை, தம்பி. நிலத்திலை இருந்து மேல்தட்டு வரைக்கும், நேரா," என்றாள் தங்கச்சி.

"கூரையைத் தாங்கவோ?"

"கூரை தன்பாட்டிலை நிக்குது. ஏறுறதுக்கு."

"ஏறி எங்கை போற?"

"மேலை."

"மேலை என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை."

"பேந்தேன் ஏறுவான்?"

"இறங்கிறதுக்கு," என்றாள் தங்கச்சி, சிரிக்காமல்.

அவர் காது குடைவதை நிறுத்திவிட்டு எழும்பினார். ஒரு மூலையில் எந்த வேலைக்கோ எடுத்து மிஞ்சிய ஒன்றே முக்கால் குழாய் ஒன்று நின்றது. காப்பைப் போட்டேன். சீ என்று உரசிக்கொண்டு கீழே இறங்கியது. மேலும் கீழும் குழாயைச் செருகுவதற்கு இரண்டு குவளைகள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் சுற்றிவர இறுக்குகிற திருகாணிகள் வைத்துத் தந்தார். தட்டில் துளை ஒருமுறைதான் போட்டோம். பேக்கரிக்காரர் அதுவரை பாணையெல்லாம் துணியால் மூடி வைத்திருந்தார்.

வகுப்பை விஜயதசமியன்று தொடங்கினோம். புதிதாக எதையும் பழகத் தொடங்குகிற நாள். வீட்டுக்கார அக்கா அவல் கொண்டுவந்தார், கம்பத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தங்கச்சி அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உடனே ஈரத்துணியால் துடைத்தாள். "வழுக்கும், அக்கா. சாமி குறைநினைக்காது."

கைகள் அருமையாகப் பொருந்தின. இரண்டு நாலும் பிடித்தது, இரண்டு பத்தும் பிடித்தது. என் கையில் பெருவிரலும் நடுவிரலும் தொட்டும் தொடாமலும் நின்றன. அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன் என்று நினைக்கிறேன்.

பிறகு ஏறத் தொடங்கினார்கள்.

குருநகர்ப் பெண் முதலில் போனாள். கையால் உயர்ந்து, காலைக் கம்பத்தில் சுற்றி, "என்ரை மாதாவே!" என்று சொல்லிக்கொண்டே நேராக மெத்தைக்கு வந்து சேர்ந்தாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே. கைகள் விடவில்லை; கால்கள் ஒரு கணமும் நிற்கவில்லை. வீட்டுக்கார அக்கா ஒரு முழ உயரம்தான் ஏறியிருப்பார். அவர் இறங்கிய சத்தத்துக்குக் கீழே பேக்கரிக்காரர் படியில் ஏறி வந்து, கதவுக்கு வெளியே நின்று, "ஒண்டும் உடையேல்லையே?" என்று கேட்டார்.

"என்ரை மானம்தான்," என்று உள்ளே இருந்து பதில் போனது.

காரணம் தங்கச்சிக்குத் தெரிந்ததுதான். கொழும்பில் எல்லோரும் கட்டைக் காற்சட்டை போட்டிருந்தார்கள். உருக்கைப் பிடிப்பது தோல், துணி பிடிக்காது. இங்கே எல்லோரும் கணுக்கால் வரை இறுக்கமான வழுவழுத்த காற்சட்டையும் முழங்கால் வரை மேற்சட்டையுமாக வந்திருந்தார்கள். கதவைப் பூட்டி யன்னலை மூடிவிட்டு, அடுத்த வகுப்புக்குக் கட்டைக் காற்சட்டையோடு வரலாமே என்று அவள் பதமாகக் கேட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்கார அக்கா எழும்பி மேற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பிறந்த வீட்டிலயும் போடேல்லை, புகுந்த வீட்டிலயும் போடேல்லை. பேரப்பிள்ளை கண்ட பிறகு உன்ரை கம்பத்துக்காகப் போடவோ, பிள்ளை?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஆள் குறைந்தது. அதற்கடுத்த கிழமை வீட்டுக்கார அக்காவும் வரவில்லை. கட்டிடத்தின் சொந்தக்காரரைத் தங்கச்சி சந்தியில் கண்டபோது அவர் தலையை ஆட்டிவிட்டு, வழக்கத்தைவிட மென்மையாகக் கதைத்தாராம். அதுதான் அவளைக் கலக்கியது.

"நல்லாக் கதைச்சாரெண்டா முடிவெடுத்திட்டார் எண்டு அர்த்தம், அக்கா."

வடிவான வெறும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் மெத்தையில் இருந்தோம். வெளியே ஐப்பசி மழை. நான் எல்லோருடைய கையையும் பதினாறில் ஒரு பங்குவரை அறிந்து வைத்திருந்தேன். ஒருவருடைய காலைப் பற்றியும் யோசிக்கவில்லை. காலில் தளைநார் மாட்டிப் பனை ஏறுபவரைப் பார்த்து வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு, விட்டம் என்பது உள்ளங்கையோடு முடிந்துவிடும் விஷயம் என்று நம்பியிருந்தேன்.

விடை குருநகர்ப் பெண்ணிடம் இருந்து வந்தது. ஆள் குறைந்தாலும் அவள் வந்துகொண்டிருந்தாள். துணி வழுக்காத மேற்பரப்பு வேண்டும் என்று தங்கச்சி சொல்ல, அவள் கம்பத்தைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

"கிறிக்கெற் மட்டைக்குப் பிடியிலை போடுவமே, றப்பர் உறை. அதைப் போட்டா என்ன? கையுறையோடை பிடிச்சாலும் திரும்பாது."

"சுத்தி ஆடேலாது," என்றாள் தங்கச்சி யோசித்து. "ஆனா ஏறலாம். இருக்கலாம்."

"இஞ்சை ஆர் இப்ப சுத்தி ஆடுறது? எல்லாரும் இறங்கிறதைத்தானே பழகியிருக்கிறம்."

முதலில் சோதனைக்காகப் பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டியாக வெட்டிக் கம்பத்தில் சுற்றிக் கட்டினோம். குருநகர்ப் பெண் அதே காற்சட்டையோடு ஏறினாள். கால் ஒட்டியது! கையை விட்டுவிட்டு இருந்தாள். நான் கைதட்டினேன். பிறகு இரண்டு நாலு அளவுக் காப்புப் போடும் பெண் ஏறப் போனாள். பிடிக்க முடியவில்லை, விரல்களுக்கும் பெருவிரலுக்கும் இடையில் பெரிய வெளி. றப்பரோடு சேர்த்து விட்டம் ஐம்பதைத் தொட்டிருந்தது. கால்களுக்கு நியாயம் செய்யப் போய்க் கைகளைப் பகைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் விளங்கியது. உறை போடுவதென்றால் உள்ளே இருக்கும் குழாய் அந்த அளவுக்கு இளைக்க வேண்டும். ஒன்றரை அங்குல உருக்கு வெளிவிட்டத்தில் முப்பத்தெட்டு. அதன்மேல் றப்பர் உறை இரண்டு மடிப்பு. கூட்டினால் பழையபடி நாற்பத்தைந்துக்குக் கிட்ட. கைபிடி ஒட்டுகிறவரிடம் ஒன்றரைக் குழாய் வேண்டிய மட்டும் இருந்தது. குவளையில் பழைய குழாயில் வெட்டிய வளையத்தை உள்ளே வைத்து இறுக்கலாம், புதுத் துளை வேண்டாம் என்றார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. குழாயைத் தூக்கித் தரும்போது மட்டும், "இறங்கியாச்சோ, அக்கா?" என்றார்.

உறை மாட்டியது தீபாவளிக்குப் பிறகு என்று தங்கச்சி இன்றைக்கும் சாதிக்கிறாள். அதற்கு முந்தி என்பது எனக்கு நிச்சயம். பலகாரத்துக்கு எண்ணெய் காய்ச்சத் தொடங்கியிருந்தால் கையில் பிசுக்கு இல்லாமல் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. குழாயை மெத்தைமேல் கிடத்தி, பிள்ளைகளுக்குப் போடும் பவுடரைக் கொட்டி, ஒவ்வொரு உறையாகச் சுருட்டி உருட்டி ஏற்றினோம். குருநகர்ப் பெண் ஒரு முனையில், தங்கச்சி மறுமுனையில். நான் நடுவில் காப்போடு. முதல் மடிப்பு முடிந்ததும் காப்பு ஆடிக்கொண்டு போனது. இரண்டாவது மடிப்பில் ஓரிடத்தில் உறையின் விளிம்பு மடங்கிக் காப்பு நின்றது; அதைக் கழற்றித் திரும்பப் போட்டோம். கடைசியில் காப்பு முழு நீளத்துக்கும் முனகிக்கொண்டு போய் வந்தது. எங்கள் மூவருக்கும் தலைமயிர் வெள்ளையாகியிருந்தது.

கைபிடிக்காரர் வந்து கம்பத்தை நிறுத்தி மேலும் கீழும் இறுக்கினார். தங்கச்சி தொங்கிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள், அசையவில்லை. அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டு போன பிறகுதான் நான் கைப்பையைத் துழாவினேன்.

"காப்பு எங்கை?"

அது கம்பத்தின் அடியில், உறை தொடங்குவதற்குக் கீழே விட்டிருந்த வெறும் உருக்கில், நிலத்தோடு கிடந்தது. கடைசிச் சோதனைக்குப் போட்டதை எடுக்காமலே நிறுத்திவிட்டோம். தங்கச்சி அதைத் தூக்கிப் பார்த்துக் கீழே விட்டாள். கிணுங் என்றது. இனிக் கம்பத்தைக் கழற்றினால்தான் வரும். அந்தக் களைப்பில் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கந்தசஷ்டி விரதம் முடிந்த கிழமை வீட்டுக்கார அக்காவை நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். காற்சட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை என்று சத்தியம் செய்தேன். வந்தார். கம்பத்தைச் சுற்றிச் சந்தேகத்தோடு நடந்தார். இரண்டு கையாலும் பிடித்தார், விரல்கள் தொட்டன. அதே நீளக் காற்சட்டையோடு ஒரு காலைச் சுற்றினார், மறுகாலைச் சுற்றினார். கீழே காப்பு கிணுங்கியது. இறங்கவில்லை. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்ன பாக்கிறியள்?" என்றார் மேலிருந்து. "இப்ப கையை விடவோ?"

"விடுங்கோ, அக்கா," என்றாள் தங்கச்சி.

ஒரு கையை விட்டார். பிறகு மற்றதையும். அதன்பிறகு ஆள் சேர்க்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கோயிலில், சந்தையில், கலியாண வீட்டில் என்று கண்ட இடமெல்லாம் பெண்களின் கையைப் பிடித்துப் பார்த்துக் காப்பு அளவு கேட்டாராம். கார்த்திகை விளக்கீடு வரும்போது, முறை வருவதற்குப் படியில் இருந்து காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள்.

திருவெம்பாவை நாட்களில் ஒரு பின்னேரம், சொன்னது போலவே கட்டிடக்காரர் வந்தார். கணித ஆசிரியரும் அளவுநாடாவோடு கூட வந்தார். படியில் இருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. இருவரும் கதவடியில் நின்று செருமினார்கள். தங்கச்சி போய்க் கதவைத் திறந்தாள். மண்டபத்தின் நடுவில், கதவுக்கு நேரே, ஓராள் உயரத்தில் வீட்டுக்கார அக்கா இருந்தார். கையை விட்டுவிட்டு அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தார்.

கட்டிடக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நீர் அங்கை என்ன செய்யிறீர்?"

"இருக்கிறன். தெரியேல்லையோ?"

கணித ஆசிரியர் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உந்தக் கம்பத்தை மட்டும் கழட்டினா பிள்ளையள் இருக்க நாலு வாங்கு கூடப் போடலாம்," என்றார்.

"கழட்டலாம், மாஸ்ரர்," என்றார் வீட்டுக்கார அக்கா. "ஆனா அதுக்கு நான் இறங்கோணும். என்னை இறக்கிறவர் இண்டையிலை இருந்து இரவுப் புட்டையும் தானே அவிக்கோணும்."

படியில் இருந்தவர்களின் சிரிப்பு பேக்கரி வரைக்கும் போயிருக்கும். கட்டிடக்காரர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், தட்டில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார், படி நிறைய நின்ற ஆட்களைப் பார்த்தார். ஆசிரியரின் தோளில் கை போட்டு, "சனி ஞாயிறு காலமை வந்தா என்ன? பின்னேரம் உவை இருக்கட்டும்," என்றார்.

தை பிறந்த பிறகு சனிக்கிழமை காலைகளில் அங்கே கணிதம் நடக்கிறது. கம்பத்தைச் சுற்றித்தான் வாங்கு போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் காலால் காப்பைத் தட்டிச் சுழற்றுகிறார்கள், படிப்பு குழம்புகிறது, அதை எடுத்துவிட முடியாதா என்று ஆசிரியர் கேட்டு அனுப்பியிருந்தார். வெள்ளிக் காப்பு, எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டியதுதான் என்று எனக்கும் தோன்றியது. தங்கச்சியிடம் சொன்னேன்.

அவள் மெத்தையை விரித்துக்கொண்டிருந்தாள். "கம்பத்தைக் கழட்டினாத்தானே வரும்?"

"ஓம்."

"அப்ப கிடக்கட்டும்," என்றாள்.